பூட்டிய பீரோவும் திறந்திருந்த நோட்டும்: வட சென்னையின் ஒரு சிறு நூலகத்தில் நடந்தது

2023 ஜூலையில், எங்கள் நூலகத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் எடுத்துச் சென்ற புத்தகத்தின் பெயர் மூன்றே நாளில் அவர் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது எங்களால்தான். இது எங்களுக்கே புரிய ஆறு மாதம் ஆனது, அந்த ஆறு மாதமும் பூட்ட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைப் பூட்டி வைத்திருந்தோம். படிப்பகம், பள்ளி நூலகம், அடுக்குமாடிக் குடியிருப்பில் சின்னதாக ஒரு வாசகசாலை என்று நடத்துகிற யாருக்கும் இதே நிலைமை நாளைக்கே வரலாம் என்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த மாணவர் ஆணா பெண்ணா என்பதையும் வேண்டுமென்றே சொல்லவில்லை.

பின்னணி

பெரம்பூருக்கும் அயனாவரத்துக்கும் நடுவில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். வீட்டுக்காரர் வாடகை வாங்குவதில்லை, கரண்ட் பில் மட்டும் நாங்கள் கட்டுகிறோம். ஏறக்குறைய 4,000 புத்தகங்கள். மாலை நாலரையிலிருந்து எட்டரை வரை திறந்திருக்கும். டெபாசிட் 200 ரூபாய், மாதம் 20 ரூபாய். வருகிறவர்களில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சி, நீட் என்று படிக்கிறவர்கள், அவர்களுக்கு எங்கள் புத்தகங்களைவிட மின்விசிறிக்குக் கீழே தொந்தரவில்லாத ஒரு நாற்காலிதான் தேவை, ஏனென்றால் வீட்டில் அது கிடையாது. மற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள், ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தினமும் பேப்பர் பார்க்க வருகிறவர்கள். கமிட்டியில் ஐந்து பேர். நான் அதில் ஒரு ஆள், கணக்கும் இரவல் நோட்டும் என் பொறுப்பு.

தன்பாலீர்ப்பு, திருநர் (பிறந்தபோது குறித்த பாலினம் தனக்குப் பொருந்தாதவர்கள்) வாழ்க்கை பற்றிய புத்தகங்கள் வாங்கலாம் என்ற பேச்சைத் தொடங்கியவர் கமிட்டியிலிருந்த ஒரு பள்ளி ஆசிரியை. அவர் வகுப்பில் ஒரு பையனை மற்ற பையன்கள் 'ஒன்பது' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதட்டினால் அன்றைக்கு நிற்கிறது, மறுநாள் மறுபடி ஆரம்பிக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. 2021இல் மத்திய அரசின் பள்ளிக் கல்வி அமைப்பான என்சிஇஆர்டி திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைத்துச் சேர்த்துக்கொள்வது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே அதைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அவர் தேடிப் போனபோது அது அங்கே இல்லை. அதே 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, பள்ளி கல்லூரிப் பாடத்திட்டத்தில் இதற்காக மாற்றம் வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் பெற்றோர்களிடம் பேச வேண்டும் என்றெல்லாம் சொன்னது. தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் தனக்கே இதில் தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர் அந்த நீதிபதி. "ஒரு ஜட்ஜே உட்கார்ந்து படிச்சிருக்கார், நமக்குப் படிக்க ஒண்ணும் இல்லையே" என்று ஆசிரியை கேட்டார். அந்தக் கேள்வியில்தான் முடிவானது.

2023 ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சிக்கு மூன்று பேர் போனோம். எளிதில் கிடைக்கும் என்றுதான் நினைத்துப் போனோம். இரண்டு நாள் அலைந்து 14 புத்தகங்கள் வாங்கினோம். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி', சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவல் ஆகியவை அதில் இருந்தன. ரேவதி தமிழ்நாட்டுக்காரர், தமிழில் எழுதுகிறவர், ஆனால் அவருடைய தன்வரலாறு முதலில் ஆங்கிலத்தில் வந்து, அதற்குப் பிறகே தமிழில் வந்தது. தமிழில் இந்தப் புத்தகங்களின் நிலைமைக்கு அது ஒன்றே போதும். வாங்கியதை வீட்டில் பரப்பிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. பெரும்பாலானவை திருநங்கைகளைப் பற்றியவை. திருநம்பிகள் (பெண் என்று குறிக்கப்பட்டுப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்கள்) பற்றி, தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் பற்றி மிகக் கொஞ்சம். பெண்ணை விரும்பும் பெண்கள் பற்றித் தமிழில் எங்கள் கையில் ஒன்றுகூட இல்லை.

புத்தகங்களை எல்லாரும் பார்க்கிற ரேக்கிலேயே வைத்தோம். 'திருநங்கைகள் பிரச்சினைகள்' என்று கையால் எழுதி ஒரு சீட்டும் ஒட்டினோம். ஆறு மாதத்தில் ஒன்பது முறை இரவல் போயின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 2023: புகார்

ஒரு புதன்கிழமை மாலை, ஒரு அம்மாவும் அவருடைய கணவரின் அண்ணனும் வந்தார்கள். அம்மா கையில் எங்கள் முத்திரை குத்திய புத்தகம், ஒரு திருநங்கையின் தன்வரலாறு. அவர் அதிகம் பேசவில்லை. பெரியப்பாதான் பேசினார். "என்ன சார் இது, பசங்க படிக்கிற இடம்னு நம்பி அனுப்பறோம், இதையெல்லாம் வெச்சிருக்கீங்க? இதைப் படிச்சுட்டு நாளைக்கு எங்க பிள்ளை எப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?" படித்துக்கொண்டிருந்த பதினைந்து பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். எதற்கு என்று யோசிக்காமலே கேட்டோம், கூட்டம் கூடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

போகும்போது அந்த அம்மா சொன்ன ஒரு வரியை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. "பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்."

பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் இரவல் நோட்டு நீளமான கணக்கு நோட்டு. தேதி, உறுப்பினர் பெயர், போன் நம்பர், புத்தகத்தின் பெயர், கையெழுத்து, எல்லாம் ஒரே வரியில். கூட்டம் இருக்கும்போது அவரவரே எழுதிக்கொள்ளட்டும் என்று மேசை மேல் பேனாவோடு திறந்து வைத்திருப்போம். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். அடுத்து எழுத வருகிறவர் மேலே இருக்கும் பத்து வரியையும் படிக்காமல் எழுத முடியாது. தன் பிள்ளைக்குப் புத்தகம் எடுக்க வந்த அந்தப் பெண்மணி படித்திருக்கிறார், தெரிந்த பெயர் கண்ணில் பட்டிருக்கிறது, போய்ச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. படிக்கும்படி திறந்து வைத்தவர்கள் நாங்கள்.

அன்று இரவு எடுத்த முடிவு

இரவு ஒன்பது மணிக்கு கமிட்டி கூடியது. ஒருவர் புத்தகங்களை மொத்தமாக வேறு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஆசிரியை கூடாது என்றார். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவருக்கு இப்படிப்பட்ட புத்தகத்தைக் கொடுத்தது சட்டப்படி தப்பாகுமா என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. தெரிந்த வழக்கறிஞருக்கு போன் செய்தோம். ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லும் தன்வரலாறு ஆபாசப் புத்தகம் ஆகாது, திருநர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15லேயே ஏற்றுக்கொண்டது, வயது வந்தவர்களின் தன்பாலுறவு 2018 செப்டம்பர் 6க்குப் பிறகு குற்றமே இல்லை, அதைப் பற்றிய புத்தகம் எப்படிக் குற்றமாகும் என்று அவர் தெளிவாகவே சொன்னார்.

சட்டம் தெளிவாக இருந்தும் எங்களுக்குத் தைரியம் வரவில்லை. இந்த இடம் தெருக்காரர்களின் நல்லெண்ணத்தில் ஓடுகிறது, நாலு குடும்பம் கோபித்துக்கொண்டால் வீட்டுக்காரரும் யோசிப்பார். அதனால் நடுவழி ஒன்றைப் பிடித்தோம்: புத்தகங்களை உள்ளறையில் இருக்கும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவது, கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பது. "தடை பண்ணலையே, கேட்டா கொடுக்கத்தானே போறோம்" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். எல்லாரும் கை தூக்கினோம், ஆசிரியை உட்பட.

நோட்டைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மாலையும் அது அதே மேசையில் திறந்தே கிடந்தது.

அந்த மாணவர் மறுபடி வரவில்லை. அவர் ஏன் அந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் உரிமையில்லை. சர்க்கரை நோய் பற்றிப் படிக்கிறவருக்கெல்லாம் சர்க்கரை இருப்பதில்லை. தனக்காக எடுத்திருக்கலாம், வகுப்புத் தோழருக்காக எடுத்திருக்கலாம், அட்டையைப் பார்த்து எடுத்திருக்கலாம். ஆனால் நோட்டில் எழுதிய ஒரு வரி அவர் யார் என்பதை அவருக்குப் பதிலாகத் தெருவுக்கே சொல்லிவிட்டது.

பூட்டியிருந்த மாதங்களில் கண்டது

ஜூலை முதல் நவம்பர் வரை பீரோவிலிருந்து ஒரு புத்தகம்கூட இரவல் போகவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போக ஒருவரும் கேட்கவில்லை. "பார்த்தீங்களா, தேவையே இல்லை" என்றார் கமிட்டியில் ஒருவர். கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அதே மாதங்களில் வேறு மூன்று விஷயங்கள் நடந்தன.

முதலாவது, 'வாடாமல்லி'. பூட்டிய அன்று அது நாவல் வரிசையில் இருந்ததால் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. செப்டம்பரில் ரேக் அடுக்கும்போது குரூப் 4 கைடுகளுக்குப் பின்னால் கிடந்தது. தவறி வைத்துவிட்டார்கள் என்று எடுத்து நாவல் பக்கம் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கைடுகளுக்குப் பின்னால். மூன்றாவது முறை பார்த்தபோது உள்ளே ஒரு பேருந்து டிக்கெட் பக்க அடையாளமாக இருந்தது. அதை எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நோட்டில் அந்தப் புத்தகத்தை யாரும் இரவல் வாங்கியதாக இல்லை. ஆனால் யாரோ ஒருவர், ஒருவேளை ஒருவருக்கு மேல், பரீட்சைக்குப் படிப்பதுபோல உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நோட்டுக்குப் பயந்து வீட்டுக்கு எடுத்துப் போகாமல், ரேக்கிலும் விடாமல், அடுத்த நாள் தொடர்வதற்காக ஒளித்து வைத்துப் படித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, ஆலோசனைப் பெட்டி. அதில் பெரும்பாலும் மின்விசிறி சத்தம் போடுகிறது, தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்றுதான் சீட்டு விழும். அக்டோபர் முதல் வாரம் பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு இருந்தது: "பொண்ணும் பொண்ணும் லவ் பண்ற மாதிரி தமிழ்ல கதை இருக்கா?" பெயரில்லை. பதில் சொல்ல வழியும் இல்லை, ஏனென்றால் எங்களிடம் அப்படி ஒரு கதையே கிடையாது.

மூன்றாவது, அக்டோபர் 18ஆம் தேதி காலைப் பேப்பர்கள். முந்தைய நாள்தான் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தன்பால் திருமணத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க மறுத்திருந்தது, அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லியிருந்தது. எல்லாப் பேப்பரிலும் அதுதான் முதல் பக்கம். மேசையைச் சுற்றி அன்று முழுக்க இதே பேச்சு. ஐ.சி.எஃப்.பில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பேப்பரில் வந்த ஒரு சொல்லைக் காட்டி, "தம்பி, இதுக்கு என்ன அர்த்தம்? இதைப் பத்தி விவரமா படிக்க ஏதாவது இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் சத்தமாகவே கேட்டார். தன்னார்வலர் உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார். அவர் அங்கேயே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார், இரண்டு நாள் வந்து படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அறுபத்து மூன்று வயது ஆணுக்கு, பேரன் பேத்தி எடுத்தவருக்கு, கேட்பதில் ஒரு சிரமமும் இல்லை, அவரை யாரும் சந்தேகமாகப் பார்க்கப் போவதில்லை. கேட்க முடியாதவர் குரூப் 4 கைடுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார், பென்சிலில் பெயரில்லாமல் எழுதுகிறார். 'கேட்டால் கொடுப்போம்' என்ற எங்கள் ஏற்பாடு, யாருக்கு இந்தப் புத்தகம் அவ்வளவாக அவசியமில்லையோ அவர்களுக்குத்தான் கதவைத் திறந்து வைத்திருந்தது.

டிசம்பர்: வெள்ளம்

இதை கமிட்டியில் பேச வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்ஜாம் புயல் வந்துவிட்டது. டிசம்பர் 3, 4 இரண்டு நாளும் பெய்த மழையில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். நூலகத்துக்குள் ஒன்றரை அடி. நாலாவது நாள் தண்ணீர் இறங்கிய பிறகு கதவைத் திறந்தால் எல்லா ரேக்கிலும் கீழ்த்தட்டு நனைந்திருந்தது, பீரோவின் கீழ்த்தட்டும்தான். கிட்டத்தட்ட 300 புத்தகங்கள். பக்கங்களுக்கு நடுவில் பழைய பேப்பரை வைத்து, புத்தகத்தை விசிறிபோல விரித்து நிற்க வைத்துக் காய வைக்க வேண்டும், ஈரம் ஊறிய பேப்பரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாட்ஸப் குரூப்பில் போட்டதும் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். மின்சாரம் இல்லாததால் மொட்டை மாடியிலும் மாடிப்படியிலும் பாயை விரித்துப் புத்தகங்களைப் பரப்பினோம்.

பீரோவில் இருந்ததை மட்டும் தனியாக வைக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. சமையல் புத்தகத்துக்குப் பக்கத்தில் தன்வரலாறு, அதற்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கு. காய வைக்க வந்த ஒரு கல்லூரி மாணவி ஒரு புத்தகத்துக்குப் பேப்பர் மாற்றப் போனவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஈரப் பக்கம் கிழிந்துவிடாமல் இரண்டு விரலால் பிரித்துப் பிரித்து இருட்டும் வரை படித்தார். இடையில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை மாதமாக எங்களால் செய்ய முடியாததை ஒரு பாய் செய்துவிட்டது: எல்லாப் புத்தகத்தோடும் இதுவும் ஒரு புத்தகமாகக் கிடந்தது, எடுத்தவர் தனியாகத் தெரியவில்லை.

ஜனவரி 2024: மறுபடி ஒரு கூட்டம்

பொங்கல் முடிந்து கூடினோம். இந்த முறை நோட்டையும் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். ஜூலைப் பக்கத்தைத் திறந்து நடுவில் வைத்து, அந்த மாணவரின் பெயர் இருந்த வரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் விவாதம் நீண்டது. பீரோவைத் திறப்பதில் பெரிய மறுப்பு இல்லை. எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. ஆசிரியை தனி ரேக் வேண்டும் என்றார், பெயர்ப்பலகையோடு, கண்ணில் படுகிற இடத்தில், 'உனக்கும் இங்கே இடம் உண்டு' என்று உள்ளே நுழையும் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆனால் எங்களுடையது இரண்டே அறை, எந்த ரேக் முன்னால் யார் நிற்கிறார் என்பது பேப்பர் மேசையிலிருந்து பார்த்தால் தெரியும், அந்த ரேக் முன்னால் நிற்பதே நோட்டில் எழுதுவது மாதிரிதான். பெரிய நூலகமாக இருந்தால் நான் ஆசிரியை பக்கம்தான் நின்றிருப்பேன்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். வாசகர் தானே ரேக்குக்குப் போய்த் தொட்டு எடுக்கிற திறந்த முறைக்காக வாதாடியவர் அவர். நம் ஊரில் நூலகம் நடத்துகிற எல்லாரும் அவர் பெயரைச் சொல்கிறோம், எங்கள் சுவரில் அவர் படமே இருக்கிறது. பூட்டிய பீரோ அந்தப் படத்துக்கு நேர் எதிரே இருந்தது.

ஒரு உறுப்பினர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் படிப்பதற்கு முன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். கையெழுத்து கேட்பது என்றால் ஜூலையில் தவறுதலாக நடந்ததை இனிமேல் நாமே விதி போட்டுச் செய்வது என்று மற்ற நால்வரும் சொன்னோம். அவர் அந்த மாதமே விலகிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் எங்களோடு உழைத்தவர், அந்த இழப்பு சின்னதில்லை.

மாற்றியவை

முதலில் நோட்டு. பெயர், போன் நம்பர், புத்தகத் தலைப்பு எல்லாம் போயிற்று. உறுப்பினர் எண்ணும் புத்தக எண்ணும் மட்டும், அதுவும் தன்னார்வலர்தான் எழுதுவார், எழுதியதும் மூடிவிடுவார். புத்தகம் திரும்பி வந்ததும் அந்த வரி கறுப்பு மையில் அடிக்கப்படும். பழைய நோட்டுகளை எல்லாம் கிழித்து அழித்தோம். கெடு தாண்டினால் வீட்டுக்கு போன் செய்வோம், ஆனால் 'ஒரு புத்தகம் வர வேண்டும்' என்பதற்கு மேல் சொல்ல மாட்டோம், எந்தப் புத்தகம் என்று யார் கேட்டாலும், அப்பா அம்மாவே கேட்டாலும்.

புத்தகங்களைத் தனியாக வைக்கவில்லை. தன்வரலாறு தன்வரலாறுகளோடு, நாவல் நாவல்களோடு, தீர்ப்புகள் பற்றியவை சட்டப் புத்தகங்களோடு. அப்படியானால் தேடுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்காக ஒரு பக்கத் தாளில் பட்டியல் அடித்தோம், இதற்கு மட்டுமில்லாமல் பரீட்சை பயம், கடன், நீரிழிவு, குடிப்பழக்கம், பாலினமும் பாலீர்ப்பும் என்று பத்துத் தலைப்புகளுக்கு. எல்லாத் தாளும் ஒன்றாக ஒரு தட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் மடித்து எடுத்துப் போகலாம். பாலினம் பற்றிய தாளின் பின்பக்கம் குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416 இரண்டு எண்களும் இருக்கும். இரண்டு நாற்காலிகளை, மேசைக்கு முதுகு காட்டி, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர் அங்கே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம்.

வார்த்தைகளையும் மாற்ற வேண்டியிருந்தது. பட்டியல் தயாரிக்கும்போது தெரிந்தவர் மூலம் ஒரு திருநங்கையை அழைத்திருந்தோம். பழைய சீட்டைப் பார்த்ததும், "திருநங்கைகள் பிரச்சினைகள்னு போட்டிருக்கீங்க, நாங்க பிரச்சினையாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்தச் சீட்டை அவர் முன்னாலேயே கிழித்தேன். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில், அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. திருநர், திருநம்பி, ஊடுபால் (ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்தவர், இன்டர்செக்ஸ்), பால்புதுமையர் (குயர்) போன்ற சொற்கள் அதில் இருக்கின்றன. தன்னார்வலர்கள் ஒரு மாலை உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துப் பழகினோம். வாயில் வராத சொல்லை மேசையில் உட்கார்ந்துகொண்டு இயல்பாகச் சொல்ல முடியாது.

பென்சில் சீட்டுக்கும் பதில் தேடினோம். சென்னையிலேயே குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் என்ற பதிப்பகம் இந்த எழுத்துகளுக்காகவே இயங்குகிறது, ஓரினம் என்ற அமைப்பு பல வருடமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதை, கவிதை, பெற்றோர்களுக்கான குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. வேண்டியதை வாங்கினோம், சிலவற்றை அச்செடுத்து பைண்ட் செய்தோம். புதிதாக வந்த புத்தகங்கள் என்று கதவில் ஒட்டும் தாளில், மற்றவற்றோடு அவையும் இருந்தன. எழுதியவர் பார்த்தாரா என்று சொல்ல முடியாது.

கடைசியாக, பெரியவர்களுக்காக மாதம் ஒரு ஞாயிறு மாலை. தலைப்பு ஒவ்வொரு மாதமும் மாறும். மார்ச் மாதம் பாலினமும் பாலீர்ப்பும். ஒரு மனநல ஆலோசகர் வந்து பேசினார். "டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும்னு சொல்றாங்களே" என்று ஒருவர் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிச் செய்யும் 'சிகிச்சை' தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது, யாராவது அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்றார். அன்று பதினோரு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் நாற்பது வயதுக்கு மேல்.

பிறகு நடந்தது

2024 முடிவதற்குள் இந்தப் புத்தகங்கள் 34 முறை இரவல் போயிருந்தன. வரிகளை அடித்துவிடுவதால் யார் எடுத்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாது, எண்ணிக்கை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்கிறோம். மேசையில் உட்கார்ந்து பார்த்த வரையில் பாதிக்கு மேல் பெரியவர்கள். டியூஷன் எடுக்கும் ஒரு பெண், ஒரு நர்ஸ், தன் தங்கை மகனைப் பற்றிக் கவலைப்பட்டு வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர். இளையவர்களுக்கு என்று நினைத்து வாங்கினோம், அவர்களைச் சுற்றியிருக்கிறவர்கள்தான் முதலில் எடுத்தார்கள். ஜன்னல் நாற்காலிகள் இரண்டும் பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. 'வாடாமல்லி' இப்போது நாவல் வரிசையிலேயே இருக்கிறது.

இழப்பும் இருந்தது. நான்கு குடும்பங்கள் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தன. இரண்டு தமிழ் நாளிதழ்களுக்குச் சந்தா கட்டி வந்தவர் நிறுத்திக்கொண்டார். வீட்டுக்காரரிடம் யாரோ புகார் சொன்னார்கள். அவர் ஒரு மாலை வந்து ஜன்னல் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனார். வாடகை பற்றிய பேச்சு எதுவும் எழவில்லை.

2024 பிப்ரவரியில் அந்த அம்மா தனியாக வந்தார், டெபாசிட் 200 ரூபாயைத் திரும்ப வாங்க. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், இந்த முறை எதற்கு என்று தெரிந்து கேட்டேன்: நோட்டைத் திறந்து வைத்ததற்காக, அதனால் அவர் வீட்டு விஷயம் தெருவுக்குப் போனதற்காக. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரசீது எழுதி முடிப்பதற்குள் தட்டிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். போகும்போது பையில் ஒரு தாள் இருந்தது. எந்தத் தலைப்பு என்று நான் பார்க்கவில்லை.

இப்போது செய்வதாக இருந்தால்

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் நோட்டை மாற்றியிருப்போம். புகார் வந்த அன்று இரவே முடிவெடுத்திருக்க மாட்டோம், ஒரு வாரம் பொறுத்து, என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கூடியிருப்போம். பதினைந்து பேர் பார்க்க அந்த அம்மாவையும் பெரியப்பாவையும் நிற்க வைத்துப் பேசியிருக்க மாட்டோம், உள்ளறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருப்போம். இரவல் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தேவை இல்லை என்று முடிவு கட்ட மாட்டோம், இடம் மாறிக் கிடக்கும் புத்தகத்தையும் கணக்கில் எடுப்போம். பெரியவர்களுக்கான கூட்டத்தை முதல் மாதத்திலேயே தொடங்கியிருப்போம். தனி ரேக் வேண்டுமா என்ற கேள்வியை ஆசிரியை இன்னமும் விடவில்லை, அடுத்த வருடம் மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.

செய்ய முடியாமல் இருப்பது ஒன்று உண்டு. அந்த மாணவரிடம் நாங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதம் எழுதலாம் என்று ஒருமுறை பேசினோம், ஆனால் வீட்டுக்குப் போகும் கடிதத்தை வேறொருவர் பிரித்துப் படித்தால் மறுபடியும் அதே தவறு. இடையில் ஆளைச் சொல்லி அனுப்பினாலும் அதேதான். இந்நேரம் பன்னிரண்டாவது முடித்திருப்பார். என்றைக்காவது அவராக வந்தால் சொல்ல வேண்டியதை மேசையில் உட்காரும் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: புத்தகம் எடுத்தது உங்கள் தப்பில்லை, உங்கள் பெயரைத் திறந்து வைத்தது எங்கள் தப்பு, அந்த நோட்டு இப்போது இல்லை.